யார் இறங்குறா?

ஜெயக்கொடி அக்கா கவுன்சிலராகி, மாலை மரியாதையெல்லாம் வந்தபிறகும் எங்களுக்கு அவர் அக்காதான். அதற்கு முன் தல்லாகுளத்தில் சாக்கடை வேலை செய்பவர்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்தினார். நான் அங்கே வேலை பார்த்தேன். பாதாளச் சாக்கடையில் இறங்கி யாராவது விஷவாயு தாக்கிச் செத்தால், அக்கா பிணவறை வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார். வழக்குப் பதியும்வரை உடலை வாங்கக்கூடாது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். "வாங்கிட்டா அம்புட்டுதான், அப்புறம் ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்" என்பார். அதிகாரிகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

எத்தனை நாளைக்குத்தான் வாசலிலேயே உட்காருவது என்று சலித்துப்போய்த் தேர்தலில் நின்றார். ஆனையூரில் வீடு வீடாக அவருக்கு ஓட்டுக் கேட்டவர்களில் சங்கிலியும் ஒருவன். சாக்கடை வேலைக்குப் போகிறவன். அக்கா ஜெயித்த அன்று அவன் போட்ட ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இனி நாங்க உள்ள இறங்க வேண்டியதில்லக்கா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான்.

கோயில் திருவிழா சமயம், சாமி வரும் தெருவில் சாக்கடை பொங்கி ஓடியது. காலையிலிருந்து ஆளாளுக்கு அக்காவைப் போனில் பிய்த்து எடுத்தார்கள். எரிச்சலில், அடைப்பெடுக்கும் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, "சாமி வாரதுக்குள்ள சுத்தமா இருக்கணும், எப்படிச் செய்வீங்களோ எனக்குத் தெரியாது" என்று சொல்லி வைத்துவிட்டார். முன்பெல்லாம் இப்படி ஒரு போனில் அவர் கேட்கும் முதல் கேள்வி, "மெஷின் வந்துச்சா? யார் இறங்குறா?" என்பதுதான். அன்று கேட்கவில்லை.

மெஷின் வரவில்லை. சங்கிலி இறங்கினான்.

மறுநாள் பிணவறை வாசலில் அவன் மனைவி தங்கப்பொண்ணு, அக்கா சொல்லிக்கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தாள். யாரும் இறங்கச் சொல்லவில்லை, குடிபோதையில் அவனாகவே இறங்கினான் என்று ஒப்பந்தக்காரர் சாதித்தார். சங்கிலி டீயைத் தவிர எதையும் தொடாதவன். உடலை வாங்கச் சொல்லிப் பேசி முடிக்க அதிகாரிகள் அக்காவைத்தான் அனுப்பினார்கள். அந்தப் போனைப் பற்றி வாய் திறந்தால் பதவியும் பெயரும் போய்விடலாம். திறக்காவிட்டால் சங்கிலி குடிகாரனாகவே சுடுகாட்டுக்குப் போவான்.

அக்கா அவளருகே தரையில் உட்கார்ந்தார்.

"அவனா இறங்கல தங்கம். நான்தான் போன் போட்டு முடிக்கச் சொன்னேன். போலீஸ்லயும் சொல்லப் போறேன்."

தங்கப்பொண்ணு அழவில்லை, ஏசவும் இல்லை. "மெஷின் வந்துச்சான்னு கேட்டீங்களாக்கா?" என்றாள்.

"கேக்கல."

அவள் எழுந்து, கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா சொன்னபடியே போலீசில் சொன்னார். வழக்குப் பதிவானது, அதன்பிறகே உடலை வாங்கினார்கள். அவருடைய பதவி போகவில்லை. போயிருந்தாலாவது அக்கா கொஞ்சம் தூங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். அவர் வீட்டு வாசலில் வண்டி ஏறிச் சாக்கடை மூடி டக்கென்று சத்தம் போட்டால், பேசிக்கொண்டிருப்பவர் பாதியில் நிறுத்திவிடுகிறார். உள்ளே யாரோ தட்டுகிற மாதிரி இருக்கிறதாம்.

போன் வந்தால் என்ன ஏதென்று கேட்பதில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று கூப்பிடுகிறவரிடமும் முதலில் "யார் இறங்குறா?" என்றுதான் கேட்கிறார். எதிர்முனையில் குழம்பிப்போய், "யாரும் இறங்கலக்கா, லைட்டுதான்" என்கிறார்கள். அதைக் கேட்டபிறகுதான் அவருக்கு மூச்சு வருகிறது.