பிராகோ அக்கா போடும் கோடு

"பேரை உங்க வாயால சொல்லுங்க ஐயா. நீங்க சொன்னாத்தான் என் விரல் அசையும்."

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, இடது கையில் சுட்ட வாழைக்காயோடு கணினி முன் உட்கார்ந்திருக்கிறார் பிராகோ. மறுமுனையில் ஏதோ ஒரு குடும்பத்தின் தலைவர் பேரன் ஒருவனின் பெயரைச் சொல்கிறார். பிராகோ திரையில் அந்தப் பெயர் இருக்கும் கட்டத்துக்குள் நுழைந்து, பெயரை மட்டும் பிடித்து அடிக்கோடு போடுகிறார். பெயருக்குப் பின்னால் இருக்கும் ஊருக்குக் கோடு கிடையாது. கோடு ஓர் எழுத்து தாண்டி ஓடினாலும் போதும், "சனியன், வால் முளைச்சிடுச்சு" என்று அதை எடுத்துவிட்டு மறுபடி போடுவார்.

குமாசி நகரில், அசாஃபோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் அச்சகத்தில் துக்க போஸ்டர் வேலை முழுக்க அவர் பொறுப்பு. ஒருவர் கண்ணை மூடிவிட்டால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மருமக்கள் என்று அத்தனை பேரும் போஸ்டரில் வந்தாக வேண்டும். பிள்ளைகளோ ஆளுக்கொரு தேசத்தில். அதனால் ஆன்லைனில் ஒரு ஷீட்டைத் திறந்து குடும்பத்துக்கு அனுப்பிவிடுகிறார். அவரவர் இருந்த இடத்திலிருந்தே பெயர்களை நிரப்புகிறார்கள். சண்டையையும் அங்கேயே போட்டுக்கொள்கிறார்கள்.

அவருடைய சட்டம் இரண்டே வரி. "எழுத்துக்குக் கோடு போட்டா ஆள் உண்டு. கட்டத்துக்குக் கோடு போட்டா கதவைச் சாத்தியாச்சு." அதாவது, குடும்பத் தலைவர் ஒப்புக்கொண்ட பெயருக்கு அடிக்கோடு. வரிசை முடிந்ததும், கடைசிக் கட்டத்தின் கீழ்விளிம்பில் ஒரு கோடு. அதற்குக் கீழே யார் எதை எழுதினாலும் அச்சுக்குப் போகாது. வண்ணம் தீட்டலாமே என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். "கலரு ஒவ்வொரு போன்ல ஒவ்வொரு மாதிரி தெரியும். கோடு எங்க போனாலும் கோடுதான்."

அந்தச் சட்டமும் ஒரு தடவை காலை வாரிவிட்டது. ஹாம்பர்க்கில் இருக்கும் ஒரு மருமகன், பேரப்பிள்ளைகள் வரிசையில் தன் மின்னஞ்சல் முகவரியைத் தட்டி வைத்திருந்தார். மின்னஞ்சலுக்கு ஷீட்டே தானாகக் கோடு போட்டுவிடும். போஸ்டர் வடிவமைக்கும் பிரெம்பே, அக்கா போட்ட கோடு என்று நம்பி அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார். துக்கம் முடியும்வரை அந்த முகவரி ஊர்ச் சுவரெல்லாம் பேரனாக நின்றது. இப்போதும் தானாக விழுந்த கோட்டைப் பார்த்தால் பிராகோவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "யாருடா இவனுக்குச் சாட்சி சொன்னது?"

மர அறுவை ஆலை வைத்திருந்த அம்பொன்சா இறந்தபோது, பிள்ளைகள் வரிசையின் கடைசியில் ஒரு பெயர் தினமும் காலையில் முளைத்து மாலையில் காணாமல் போனது. 'அசியெடுவா, டெச்சிமான்.' அது காணாமல் போகும் நேரமெல்லாம் அந்தக் கட்டத்தைச் சுற்றிப் பச்சைச் சதுரம் ஒன்று நிற்கும். டொராண்டோவில் இருக்கும் மூத்த மகள் ஃபெலிசியா அங்கே இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

ஒருநாள் அசியெடுவாவே பஸ் ஏறி வந்துவிட்டார். டெச்சிமான் சந்தையில் கிழங்கு விற்கிறவர். கறுப்புத் துணி உடுத்தியிருந்தார்.

"போஸ்டர்ல பேர் இல்லன்னா பிள்ளைங்க வரிசையில உக்கார விடமாட்டாங்கக்கா. உடம்பு முடியாம கிடந்தப்பவே என்னைய வாசல்ல நிறுத்திட்டாங்க. மண்ணு போடுறதையாவது கிட்ட இருந்து பாக்கணும்."

"முகத்தைப் பாத்துக் கோடு போடுறவ இல்லம்மா நான். உனக்குப் பேர் வெச்சது யாரு?"

"அப்பாதான். பிறந்த எட்டாம் நாளு வந்து, நாக்குல தண்ணி தொட்டு வெச்சுப் பேர் சொன்னாராம்."

பிராகோ குடும்பத் தலைவரைப் போனில் கூப்பிட்டார். அவர் முதலில் மென்று விழுங்கினார். கூப்பிட்டது எதற்கு என்பதை மறந்துபோனவர் மாதிரி மழையைப் பற்றிப் பேசினார். பிராகோ விடவில்லை. கடைசியில் கிழவர் பெருமூச்சு விட்டார்.

"அசியெடுவாங்கிறது அம்பொன்சாவோட அம்மா பேரு. எவனாவது தன் அம்மா பேரை அடுத்தவன் பிள்ளைக்கு வைப்பானா? போடும்மா."

பெயரை எழுதி அடிக்கோடு போட்டார் பிராகோ. பச்சைச் சதுரம் வந்தது, கோடு போனது. மறுபடி போட்டார். மறுபடி போனது.

பிரெம்பேவுக்குப் பொறுக்கவில்லை. "கதவைச் சாத்திடுங்கக்கா. கட்டத்துக்குக் கோடு இழுத்து அச்சுக்கு அனுப்பிட்டா அந்தம்மா என்ன பண்ண முடியும்?"

"கட்டிப் பிடிச்சு அழ வேண்டியவங்கடா அவங்க ரெண்டு பேரும். நடுவுல நான் எதுக்கு முந்திரிக்கொட்டை மாதிரி?" என்றவர் டொராண்டோவுக்கே போன் போட்டார்.

"ஃபெலிசியாம்மா, அச்சகத்து பிராகோ பேசறேன். உங்க அப்பாவைப் பெத்த அம்மா பேரு என்ன?"

"அது எதுக்கு இப்ப?"

"நீங்க அழிக்கிறது அந்தப் பேரைத்தான்னு தெரிஞ்சுதான் அழிக்கிறீங்களான்னு கேக்கணும்ல. அவர் ஆசையா வெச்ச பேரு."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. பச்சைச் சதுரம் மட்டும் அந்தக் கட்டத்தைவிட்டு நகராமல் நின்றது. பிராகோ விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் நின்ற அசியெடுவா பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. பெயர் இப்போது போகும், இதோ போகும் என்றுதான் மூன்று பேருமே நினைத்தார்கள்.

கோடு விழுந்தது. பிராகோவின் கை மடியில்தான் இருந்தது.

பழக்கமில்லாத கை போட்ட கோடு. பெயருக்கு அடியில் தொடங்கி, காற்புள்ளியைத் தாண்டி, டெச்சிமானின் கடைசி எழுத்துவரை ஓடியிருந்தது.

"அக்கா, வால்!" என்றார் பிரெம்பே.

பிராகோ சுட்டெலியைப் பிடித்தார். அம்புக்குறி பெயரைத் தாண்டி ஊருக்குப் போயிற்று. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கோட்டைத் தொடாமல் விலகி, அந்தக் கட்டத்தின் கீழ்விளிம்பில் ஒரு கோடு இழுத்தது.