கல் வைத்த கட்டை

எழுபதுகளின் கடைசி. அரியலூரில் குமாஸ்தா உத்தியோகம். லப்பைக்குடிக்காட்டுக் கடையொன்றில், வளைகுடாவிலிருந்து வந்த மடக்குக் கத்தியை வாங்கிய நாளிலிருந்து எனக்குள் ஒரு சிற்பி உட்கார்ந்து அடம்பிடித்தான். நூலகத்தில் மரச்செதுக்கல் பற்றி ஒரு புத்தகமும் கிடைத்தது. அதன் முதல் அத்தியாயம் வரை நான் பெரும் நிபுணன்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்த ஞாயிறு, திருமழபாடிக்குப் பஸ் ஏறினேன். கரையெங்கும் ஆறு ஒதுக்கிவிட்டுப் போன மரத்துண்டுகள். அத்தனையும் ஓசி! வேப்பங்கட்டை ஒன்றைப் பார்த்ததும் பக்கத்தில் குந்திவிட்டேன். ஒரு முனையில் மூக்கு, மறுமுனையில் வால்; செதுக்குமுன்பே பாதி கிளி. அதன்மேல் யாரோ ஒரு கல்லை வைத்திருந்தார்கள். தூக்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

கத்தி இறங்கியது. சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. ஆபீசில் நான் எழுதிய எந்தக் கோப்பும் இப்படிக் கண்ணெதிரே உருவம் எடுத்ததில்லை. கட்டைவிரலில் ரத்தம் வந்ததையே அலகு முடிந்த பிறகுதான் பார்த்தேன்.

"சார், எங்கட்டையில என்ன பண்றீங்க?"

விறகுக் கட்டு ஒன்றைச் சுமந்தபடி ஓர் அம்மாள் நின்றார்.

"ஆத்தோரம் சும்மா கெடந்துச்சும்மா."

"சும்மாவா? தண்ணியில எறங்கி இழுத்துப் போட்டு, மேல கல்லு வச்சுட்டுப் போயிருக்கேன். கல்லு வச்சா அது ஆளு புடிச்ச கட்டை. இதுகூடத் தெரியாதா? வூட்ல அடுப்பு எரியணும், குடுங்க."

தெரியாதுதான். முதல் அத்தியாயத்தில் அது இல்லை. முப்பத்தெட்டு வயதுக்காரன், கிளியை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"பாதி கிளி ஆயிடுச்சும்மா. இத மட்டும் விட்ருங்க."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிளியா? நான் கத்திரிக்காய்னு நெனச்சேன்." சிரிப்பை அடக்க அவர் முயலவில்லை. "சரி, இந்தக் கனத்துக்கு வெறகு பொறுக்கிக் குடுத்துட்டு எடுத்துக்கங்க. கல்லு வச்சதத் தொட்டுராதீங்க!"

டெரிலின் சட்டையோடு ஒரு மணி நேரம் குனிந்து நிமிர்ந்தேன். கண்ணில் பட்ட நல்ல கட்டை எல்லாவற்றின் மேலும் கல் இருந்தது. அவர் ஒரு கையில் கிளியையும் மறு கையில் என் சுள்ளிகளையும் தூக்கிப் பார்த்து, "இன்னும் ரெண்டு போடுங்க" என்றார். போட்டேன். அடுப்புப் பற்றவைக்கச் சீவலையும் மடியில் அள்ளிக்கொண்டார்.

கிளி என்னுடையதாயிற்று. பஸ்ஸுக்கு ஓடும்போதுதான் கண்டேன்: மணலில் பாதி புதைந்த ஒரு கட்டை, அசல் ஆமை. மேலே கல் இல்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். திரும்பி ஓடிக் கல் தேடி, ஒன்றுக்கு இரண்டாக வைத்துவிட்டு வந்தேன்.