துண்டு போட்டு வைத்த இடம்

கதை விடுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். போன ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, நட்டநடுப் பகலில் என் கடையிலேயே நடந்தது இது.

பெரியநாயக்கன்பாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இளவேனில் என்ற பெண் கைக்குழந்தையோடு வந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தார். அவர் கணவர் அன்புமணி கல்யாண வீடியோக்காரர். குழந்தை பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போது விபத்தில் போய்விட்டார். வயிற்றுப் பிள்ளையிடம் அவர் பேசிய நாற்பது நொடி வீடியோ அந்த டிஸ்க்கில் இருந்தது. இப்போது திறக்கவில்லை.

"பாப்பா அவங்கப்பா குரலை ஒருதடவையாச்சும் கேக்கோணுங்ணா," என்றார்.

டிஸ்க்கில் ஒரே நீளமாக இடம் கிடைக்காவிட்டால், கம்ப்யூட்டர் வீடியோவை உடைத்துச் சந்துபொந்தில் எல்லாம் செருகிவிடும். அப்படி ஆகக்கூடாது என்று அன்புமணி ஒரு வேலை செய்திருந்தார். ஒவ்வொரு விசேஷத்துக்கும் பெயர் போட்டு, ஒரு காலி ஃபைலை வைத்து முன்கூட்டியே இடம் பிடித்திருந்தார். பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி.

இந்த நாற்பது நொடிக்கு மட்டும் இடம் பிடிக்கவில்லை. பதினேழு இடத்தில் சிதறிக் கிடந்தது. சேர்த்து வைக்க இடம் வேண்டும். வந்த டிஸ்க்கில் எதையும் அழிக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். என் சோம்பேறித்தனம், யாரைச் சொல்ல? 'பாப்பா பேர் வைக்கிறது' என்று ஒரு காலி ஃபைல் கண்ணில் பட்டது. நாலு ஜி.பி. உள்ளே வெறும் பூஜ்யங்கள். செத்தவருக்கு எதற்கு இடம் என்று டெலீட் அழுத்தினேன்.

மணி 12.07.

அழியவில்லை.

மறுபடி அழுத்தினேன். டிஸ்க்கிலிருந்து சத்தம். டிக்... டிக்... எதையோ எழுதுகிற சத்தம். நான் எதையும் எழுதச் சொல்லவில்லை.

12.09. திரையில் பூஜ்யங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

ஒயரைப் பிடுங்கினேன்.

டிக்... டிக்...

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

12.16. நின்றது.

தனியாகத் திறக்கத் தைரியம் இல்லை. இளவேனிலை வரச்சொல்லி, அவர் எதிரில் ஒயரைச் செருகினேன். அந்த ஃபைல் வீடியோவாக ஓடியது. சேலைத் தொட்டில். சுற்றிலும் பெண்கள். மடியில் குழந்தையோடு இளவேனில். கேமரா மெதுவாகக் கிட்டே போனது. கேமராவுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல்.

"மகிழினி கண்ணு... அப்பா வந்துட்டேன் சாமி."

இளவேனில் இடுப்பிலிருந்த குழந்தை திரையைப் பார்த்துச் சிரித்தது.

இதை யார் எடுத்தது என்று கேட்டேன். இளவேனில் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரும் எடுக்கலீங்ணா. அவரு இல்லாம எதுக்குன்னு பேர் வெச்ச அன்னிக்கு கேமராவே வெக்கலீங்க. இந்த டிஸ்க்கு பீரோவுல பூட்டிக் கெடந்துச்சு."

அந்த நாற்பது நொடியை என்னால் கடைசிவரை மீட்க முடியவில்லை. அவரும் அதைக் கேட்கவில்லை.

டிஸ்க்கில் இன்னொரு காலி ஃபைல் இருந்தது. 'பாப்பா காது குத்து'. வரும் தை மாதம் அந்தியூரில் வைத்திருக்கிறார்களாம். நேற்று பத்திரிகை கொடுக்க வந்தார். வீடியோவுக்கு ஆள் பார்த்தாயிற்றா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"ஆளு இருக்குதுங்ணா," என்றார்.