ஆரஞ்சுத் தோல் வைத்த சட்டை

போன மாதம் மூத்தவன் சேலத்துக்கு இன்டர்வியூவுக்குக் கிளம்பும்போது கடையிலிருந்து இரண்டு சென்ட் பாட்டில்களை வாங்கி வந்து என் முன்னால் வைத்தான். "இதுல எதைப் போட்டுட்டுப் போகட்டுங்கப்பா?" என்று கேட்டான். வேண்டாததைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாராம். இரண்டையும் திறந்து மோந்து பார்த்தேன். "உங்கம்மாவைக் கேளு சாமி" என்று வெளியே வந்துவிட்டேன். அப்பாவுக்கு மூக்கே இல்லை என்று சின்னவள் சிரித்தது காதில் விழுந்தது.

எனக்கு மூக்கு இருக்கிறது. வேலை கேட்கப் போகிறவன் எந்த வாசத்தோடு போவது என்கிற கேள்வி துரைமார் காலத்தில் எனக்கும் வந்தது. அதை நேரில் சொல்ல வராததால் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா, நீங்கள் பார்க்காத தாத்தா, எஸ்டேட்டில் காப்பி ஸ்டோருக்கு மேஸ்திரி. களத்தில் காய்ந்த கொட்டையை மூட்டை பிடித்து, மலையிறங்கிக் கீழே போகும் வண்டி வருகிற வரைக்கும் ஈரம் தட்டாமல், வேறு வாசம் ஏறாமல் காப்பாற்றுவது அவர் வேலை. காப்பிக் கொட்டை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் பட்ட ஒரு சாக்கு போதும், சுற்றியுள்ள மூட்டையெல்லாம் கெட்டுவிடும். அதனால் ஸ்டோருக்குள் பீடி கிடையாது, விளக்கு கிடையாது. கொட்டை பொறுக்க வரும் பெண்கள் தலைப் பூவை எடுத்து வாசலோரம் இருந்த பலகையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சாயங்காலம் வெளியே வந்ததும் வாடிப்போன பூவில் எது யாருடையது என்று ஒரு சண்டை நடக்கும்.

அப்பா ஸ்டோருக்குள்ளேயே ஆணியில் ஒரு காக்கிக் கோட்டு மாட்டியிருந்தார். உள்ளே போனதும் அதைப் போட்டுக்கொள்வார், வரும்போது கழற்றி மாட்டிவிடுவார். ஊட்டு அடுப்புப் புகை அதில் ஏறக்கூடாது என்பதால் அது ஒரு நாளும் வாசலைத் தாண்டியதில்லை. பைப்படியில் உடம்பைக் கழுவிக்கொண்டுதான் ஊட்டுக்கு வருவார். ஊட்டில் இருந்த அப்பாவிடம் பச்சைத் தண்ணீர் வாசம்தான் இருக்கும்.

ஸ்டோரை ஒட்டியிருந்த ஓட்டு ஊடு அந்த வேலைக்கு உண்டானது. அதில்தான் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இருந்தோம். காப்பிப் பழம் எடுக்கிற நாளில் அப்பாவுக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். திரும்பித் தூக்கி வந்தோம். அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

கொள்ளி வைத்ததால் என் தலையும் மீசையும் மழித்தாகிவிட்டது. அழுகை மட்டும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். அது எனக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.

தகனம் முடிந்து நான்கைந்து நாள் போனதும் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே குடையை ஊன்றி நின்றார். வெள்ளிக்கிழமை காலையில் துரை ஸ்டோர் வேலைக்கு ஆள் பார்க்கிறார், செம்மநத்தத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், என்னையும் ஆபீசுக்கு வரச் சொன்னார் என்றார். அப்புறம் அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"இது ஸ்டோர் ஆளுக்குண்டான ஊடுங்கம்மா. பையனுக்கு வேலை ஆச்சுன்னா நான் பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க. இல்லீன்னா கருமாதி வரைக்குந்தான் துரை பொறுப்பாரு."

அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, பழம் எடுக்க மேட்டில் ஏற முடியாது. கீழே சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஓர் அடி மண் இல்லை. ஊட்டை விட்டால் கூலியாட்கள் இருக்கிற லைனில் இன்னொரு குடும்பத்தோடு ஓர் அறையைப் பாதியாக்கி, நடுவில் சாக்கைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். புருசனைப் பறிகொடுத்த மனுஷி அழுவதற்கு ஒரு மூலையாவது வேண்டும் அல்லவா? வெள்ளிக்கிழமை நான் தோற்றால் அந்த மூலையும் போய்விடும்.

இதில்தான் வாசம் வந்து சேர்ந்தது. நான் அப்போது பழத்தோல் உரிக்கிற மெஷின் கொட்டகையில் வேலை செய்தேன். தோல் குவிந்து அழுகிப் புளித்த வாடை அங்கே எப்போதும் இருக்கும். நாள் முழுக்க நின்றால் நம் உடம்புக்குள்ளேயே இறங்கிவிடும். எண்ணெயும் சீயக்காயும் தேய்த்தால்தான் கொஞ்சமாவது போகும். கருமாதி முடியும் வரை எண்ணெய் ஆகாது, சீயக்காயும் ஆகாது. வெறும் தண்ணீருக்கு அந்த வாடை அசையவில்லை.

துரை பங்களா பட்லர் அப்பாவோடு பழகினவர். துக்கம் கேட்க வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார், கொஞ்ச நேரத்தில் தள்ளி உட்கார்ந்தார். "கோவிச்சுக்காத கண்ணு. இந்த வாடையோட நீ போயி நின்னீன்னா, துரை இருக்கட்டும், துரை நாயே எந்திரிச்சுப் போயிரும்" என்றார். ஆபீஸ் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து துரை முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, காற்றில் வருவதைத்தான் என்றும் சொன்னார். போன வருசம் ஒருத்தரை வாயைத் திறக்கும் முன்னாலேயே அனுப்பிவிட்டாராம். மறுநாள் ஒரு சின்னக் குப்பியில் அத்தர் கொண்டுவந்தார். சேலத்தில் வாங்கி, மகளின் கல்யாணத்துக்கென்று பத்திரமாக வைத்திருந்தது. பஞ்சில் தொட்டுக் காதுமடலில் வைத்துக்கொள், போதும் என்றார்.

கிளியூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த பெரியப்பா குப்பியைப் பார்த்துவிட்டார். கருமாதிக்கு எல்லாம் முன்னால் நின்று நடத்த வேண்டியவர் அவர்.

"அப்பன் கட்டை வெந்து பத்து நாளாவுல. அதுக்குள்ள அத்தர் பூசிட்டு மாப்பிள்ளையாட்டப் போறியா? பூசு. பூசீட்டு கருமாதியையும் நீயே பண்ணிக்க."

பட்லர் குப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அவர் மேலும் கோபமில்லை, பெரியப்பா மேலும் கோபமில்லை. இருவர் சொன்னதும் சரிதான். எனக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் அம்மா தோட்டத்து ஆரஞ்சில் நாலைந்தை உரித்து, தோலை மட்டும் கிழிந்த துணியில் முடிந்து ட்ரங்குப் பெட்டிக்குள் போட்டாள். அதன் மேல் என் ஒரே வெள்ளைச் சட்டையை மடித்து வைத்துப் பெட்டியை மூடினாள். அப்புறம் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவளும் துக்கக்காரி, அவள் கையிலும் வாசம் இருக்கக் கூடாது.

பெரியப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தார். அம்மா அவரிடம் நிமிராமலேயே சொன்னாள்.

"ஏனுங்க, மேலுக்குப் பூசிக்கறதுதான் ஆகாது. பெட்டிக்குள்ள கெடந்த சட்டை தானா வாசம் புடிச்சுக்கிட்டா, அதுக்கு நாம என்னங்க பண்றது?"

பெரியப்பா கொஞ்ச நேரம் மேலே ஓட்டைப் பார்த்தார். "துணி வேறதான்" என்றார். அதோடு சரி.

வெள்ளிக்கிழமை பனி இறங்கி எதிரில் இருக்கிற சவுக்கு மரம் தெரியவில்லை. சட்டையைப் போட்டதும் வாடை அமுங்கிப்போய், உடம்பெல்லாம் ஆரஞ்சு உரித்த மாதிரி இருந்தது. அம்மா என்னைச் சுற்றி வந்து மோந்து பார்த்து, "போ சாமி" என்றாள்.

ஆபீஸ் வராண்டாவில் செம்மநத்தத்துக்காரர் முன்னமே வந்து நின்றார். என்னை விட நாலு வயசு மூத்தவர். காதில் அத்தர் பஞ்சு. நான் கிட்டே போனதும், "ஏனுங்க, பழக்கூடைக்குள்ளயா படுத்திருந்தீங்க?" என்று கேட்டார். அவர் சிரித்ததும் நானும் சிரித்துவிட்டேன். அப்பா போனபிறகு அதுதான் நான் முதலில் சிரித்தது.

துரை குதிரையில் வந்தார். இறங்கவில்லை. ரைட்டரிடம் ஏதோ இங்கிலீசில் சொல்லிவிட்டு அப்படியே குதிரையைத் திருப்பினார். "ஸ்டோருக்கு வரச் சொல்றாருங்க, ரெண்டு பேரையும்" என்றார் ரைட்டர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு நாளாக நான் ஆபீசையும் மேஜையையும் துரையின் மூக்கையும் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன வேலைக்குப் போகிறேன் என்று ஒரு தரமும் நினைக்கவில்லை. அம்மாவும் நினைக்கவில்லை, பெரியப்பாவும் பட்லரும் நினைக்கவில்லை. ஸ்டோர்க்காரர் ஊட்டிலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்டோருக்குள் எந்த வாசத்தோடு போவது என்று யோசனை செய்தோம்.

அப்பா படுத்ததில் இருந்து ஸ்டோரை ரைட்டர்தான் திறந்து பூட்டினார். அவர் கதவைத் தள்ளினதும் துரை உள்ளே போனார். பின்னாலேயே செம்மநத்தத்துக்காரரும் போனார். துரை சட்டென்று நின்று திரும்பி, மூக்கைச் சுருக்கி, வெளியே கையைக் காட்டினார். பைப்பில் கழுவிவிட்டு வரும்படி ரைட்டர் அவரை அனுப்பினார். பாவம், பஞ்சைத்தான் எறியலாம். அத்தர் தண்ணீரில் போகுமா? காதில் மண்ணைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாசலிலேயே நின்றேன். உடம்பில் இறங்கிய வாடைக்கு ஒன்றும் செய்ய முடியாது, ஆரஞ்சையாவது வெளியே வைக்கலாம். சட்டையைக் கழற்றி, பெண்கள் பூ வைக்கும் பலகையின் மேல் வைத்தேன். பனியில் வெற்று உடம்பு நடுங்கியது. துரை ரைட்டரைப் பார்த்தார்.

"சட்டையில வாசம் இருக்குதுங்க" என்றேன்.

ரைட்டர் அதை இங்கிலீசில் சொன்னார். துரை என்னை உள்ளே கூப்பிட்டார். நான் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ஆணியில் இருந்த காக்கிக் கோட்டைக் காட்டி "கோட்டு, கோட்டு" என்றார். ரைட்டர் அதை எடுத்து உதறி என் பக்கத்தில் நீட்டினார்.

சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டு போவேன். வாசல் வரைக்கும் வந்து தூக்குப்போசியை வாங்கிக்கொள்வார். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அவர் மேல் காய்ந்த கொட்டையும் புதுச் சாக்கும் வெயிலும் கலந்து ஒரு வாசம் அடிக்கும். அது என் ஞாபகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. ரைட்டர் கோட்டை நீட்டினதும் அது வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. வேலை கேட்க வந்த இடத்தில் அழுதால் போயிற்று என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

"அப்பா துணிங்க" என்றேன். "கருமாதி முடியாம போட்டுக்கக் கூடாதுங்க."

துரை சொன்னதைக் கேட்காமல் மறுத்துவிட்டேன் என்பது சொன்னபிறகுதான் தெரிந்தது. ரைட்டர் மெதுவாக அவருக்கு எடுத்துச் சொன்னார். துரை கோட்டை விட்டுவிட்டு மூட்டைகள் பக்கம் போனார். பிறகு ஒரு மூட்டையிலிருந்து கொட்டை எடுத்து என் கையில் கொடுத்து, கடிக்கச் சொல்லிக் காட்டினார். காய்ந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். என் பல் குளிரில் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. கொட்டை காயாமல் மெத்தென்று இருக்கிறதா, என் தாடைதான் ஆடுகிறதா என்று எனக்கே விளங்கவில்லை. இன்னொன்றை எடுத்துக் கடித்தேன். பொய் சொல்ல பயமாக இருந்தது.

"தெரியலீங்க. சந்தேகமா இருந்தா இன்னொரு வெயில் காட்டோணும்னு அப்பா சொல்லுவாருங்க."

துரை தானும் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. ரைட்டரிடம் நீளமாக ஏதோ கேட்டார். ரைட்டர் என் பக்கம் திரும்பினார்.

"பதினாறு முடிஞ்சதும் இந்தக் கோட்டைப் போட்டுக்குவியான்னு துரை கேக்கறாரு."

"போட்டுக்குவேனுங்க."

துரை தலையை ஆட்டிவிட்டுக் குதிரையிடம் போய்விட்டார். நான் அடுத்த கேள்விக்காக அங்கேயே நின்றேன். ரைட்டர் கோட்டை ஆணியில் மாட்டிக்கொண்டே, "இன்னும் என்ன நிக்கற சாமி? ஊட்டைக் காலி பண்ண வேண்டாம்னு உங்கம்மாகிட்டப் போயிச் சொல்லு" என்றார்.

செம்மநத்தத்துக்காரருக்குப் பின்னால் அதே எஸ்டேட்டில் எடை எழுதும் வேலை கிடைத்தது. கடைசி வரைக்கும் என்னைப் பழக்கூடை என்றுதான் கூப்பிட்டார்.

கருமாதி முடிந்து கோட்டைப் போட்டேன். தோளில் தொளதொளவென்று இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் உடம்பைக் கழுவிக்கொண்டு ஊட்டுக்கு வந்தபோது அம்மா, கோட்டைப் பார்த்து நான் அழுததை ரைட்டர் சொன்னதாகச் சொன்னாள். "அதுல என்ன வாசம் கண்ணு?" என்று கேட்டாள். எப்படிச் சொல்வது? அப்பா வாசம் என்றேன். அம்மாவுக்கு அது புரியவில்லை. அவள் காலமெல்லாம் மேட்டில் பழம் எடுத்தவள், ஸ்டோருக்குள் கால் வைத்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்த அப்பா, கழுவிக்கொண்டு வந்தவர்தான்.

ஊட்டுக்கு ஒரு தரம் எடுத்து வந்து காட்டுகிறாயா என்று கேட்டாள். எடுத்து வரக்கூடாதுங்கம்மா என்றேன். சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரைட்டரிடம் சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிப்போனேன். முழங்கால் வலியோடு மெதுவாக வந்தாள். நான் கதவைத் திறந்து உள்ளே போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு திரும்பினேன். அம்மா வாசலில் பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். பூ வைக்கிற பலகை என்று அவளுக்குத் தெரியும். பழக்கத்தில் கை பின்னந்தலைக்குப் போயிற்று, பாதியில் இறங்கிவிட்டது. பூ இல்லை, மஞ்சள் இல்லை, தலையில் எண்ணெய்கூட இல்லை. எடுத்து வைக்க அம்மாவிடம் ஒன்றுமில்லை.

அப்படியே உள்ளே வந்து, கோட்டின் கையைப் பிடித்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். அவள் விடும் வரைக்கும் நான் அசையாமல் நின்றேன்.