பிரேக்கை விடாத மாரிக்கனி அக்கா

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் வைத்தே ஒரு பழைய பென்ஸ் காரை ஓட வைக்கப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினேன். கார் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். படம் எடுப்பதற்காகவே போனை முழுக்க சார்ஜ் போட்டுக்கொண்டு போனேன். ஆனால் அன்றைக்குக் காரைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் முழுக்க அந்த வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

அக்கா பெயர் மாரிக்கனி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில் ஒன்றில் தறி ஓட்டுகிறார். அவர் கணவர் பாண்டிதுரை அண்ணன் அதே மில்லில் தறிகளை ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டர். காலையில் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். பஸ்ஸில் அக்காவுக்கு டிரைவர் பின்னால் உள்ள சீட்தான் வேண்டும். கண்ணாடியில் டிரைவரின் கண் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார். கேஸை மூடிவிட்டுத் தெருமுனை வரை வந்து, மறுபடி திரும்பிப் போய்த் தொட்டுப் பார்ப்பார். ஒருமுறை சொந்தக்காரர்களோடு பிளவக்கல் அணைக்குப் போனபோது, எல்லாரும் தண்ணீரில் ஆட, இவர் மட்டும் கரையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தாராம். எதிர்வீட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பீர் முகமது, அக்கா கடைக்கு வந்தால், "மாரிக்கனி வருது, தராசை ஆட்டாம வைங்கலே, பயந்துரும்" என்று கேலி பேசுவார். அக்காவுக்குக் கோபம் வராது. பயமாக இருப்பதைப் பயமாக இருக்கிறது என்று சொல்வதில் அவருக்குக் கூச்சமே இல்லை.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் பென்ஸ் வந்தது.

அது மில் முதலாளி வீட்டுக் கார். தொண்ணூற்றெட்டாம் வருட மாடல். வெகுகாலம் மில் ஷெட்டில் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, எலி ஒயரைத் தின்று, கடைசியில் அண்ணனையே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். பாண்டிதுரை அண்ணனுக்கு அதன் மேல் ஆசை வந்த காரணம் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. முன்பு ஒரு நாள் அதற்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தியிருக்கிறார். வெளியே அத்தனை தறியும் ஓடுகிறது, உள்ளே சத்தமே இல்லை. தறிச் சத்தத்திலேயே பாதிக் காது போன மனுசன் அவர். அவருக்கு அந்த அமைதி பிடித்துவிட்டது.

கெட்டுப்போன சாமான்களுக்காக அதே மாடலில் இன்னொரு வண்டியை, மதுரைப் பக்கம் உள்ள பழைய இரும்புக் கடையிலிருந்து லாரியில் கொண்டுவந்தார். பார்ட்ஸ் வண்டி என்று அதற்குப் பெயர். முன்பக்கம் முழுக்க நசுங்கிய வண்டி. எங்கேயோ அடிபட்டது. உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. லாரியிலிருந்து அதை இறக்கும்போதே அக்கா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணன் அதிலிருந்து டிரைவர் சீட்டைக் கழற்றிப் பென்ஸில் மாட்டினார். பெல்ட்டும் அதனுடையதே. பிரேக் சாமான்களும் அதிலிருந்து வந்தவை. அக்கா அந்தச் சீட்டைத் தொடவே இல்லை. ஓரமாக நின்று அதன் மேல் திருநீறு மட்டும் தூவினார். "யாரு உக்காந்து என்ன ஆனாவளோ" என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம். அண்ணன் சிரித்திருக்கிறார். அதற்குப் பிறகு அக்கா எது சொன்னாலும், இது சீட்டுப் பயம் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். அதுதான் பின்னால் வினையாகப் போனது.

புது பிரேக் சாமான் மாட்டினால் குழாய்க்குள் நிற்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஏர் எடுப்பது என்பார்கள். தனியாளாக இந்த முறையில் முடியாது. ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் வீலுக்குப் பக்கத்தில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து, ஆயிலோடு குமிழி வெளியே வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். கூப்பிட்ட ஆள் அந்த ஞாயிற்றுக்கிழமை வராததால் அண்ணன் மனைவியை உட்காரச் சொன்னார். அக்கா மாட்டேன் என்றார். பிறகு, நிலைப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் ஏறினார். சீட்டில் முதுகு படாமல் நுனியில் உட்கார்ந்தார்.

காரின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்த அண்ணனிடம் ஸ்டாண்டு இல்லை. மில்லில் கழித்துப் போட்ட பீம் ஒன்று இருந்தது. பாவு நூலைச் சுற்றித் தறியில் மாட்டும் இரும்பு உருளை அது. இரண்டு முனையிலும் முழங்கால் உயரத்துக்கு வட்டமான இரும்புத் தட்டு இருக்கும். அதைக் காருக்குக் குறுக்கே படுக்கப் போட்டு, அந்தத் தட்டுகள் இரண்டின் மேலும் காரை உட்கார வைத்தார். பின்வீல் இரண்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்தார். தறிக்காரருக்குப் பீம் என்றால் உருளும் என்ற பயம் ஒன்றுதான். தட்டுக்கு முன்னும் பின்னும் மர ஆப்பு அடித்து, உதைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். கியரைப் பார்க்கிங்கில் போட்டு, காலால் போடும் பார்க்கிங் பிரேக்கையும் மிதித்தார்.

கார்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிற எனக்கு, அதைக் கேட்டதும் தப்பு தெரிந்துவிட்டது. அந்தக் காரில் கியரும் பார்க்கிங் பிரேக்கும் பின்வீலைத்தான் பிடிக்கும். பின்வீலோ சுவரில் சாய்ந்து கிடக்கிறது. முன்வீல் இரண்டும் தரையில், எந்தப் பிடியும் இல்லாமல் நிற்கிறது. மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓடட்டும் என்று அந்த முற்றத்தைச் சரிவாகத்தான் போட்டிருக்கிறார்கள். காரின் மூக்கு தெருவைப் பார்த்து நின்றது.

அடியில் படுத்தால் மேலே பேசுவது அண்ணனுக்குக் கேட்காது. அதனால் ஸ்பேனரால் தட்டுவது என்று பேச்சு. ஒரு தட்டு என்றால் அமுக்கு. இரண்டு தட்டு என்றால் விடு. அவர் மல்லாந்து படுத்து, நிப்பிள் எட்டும் இடம் வரை நெஞ்சோடு உள்ளே நகர்ந்துவிட்டார்.

ஒரு தட்டு. அக்கா அமுக்கினார். அடியில் நிப்பிள் திறக்க, பெடல் காலுக்குக் கீழே மெதுவாக இறங்கியது. இரண்டு தட்டு. காலை எடுத்தார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. இப்படியே திரும்பத் திரும்ப நடந்தது. அமுக்கி விடும் ஒவ்வொரு தடவையும் வண்டி நூலளவு நகர்ந்திருக்க வேண்டும், யாருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு தடவை காலை எடுத்தபோது பின்னாலிருந்து கிரீச்சென்று ஒரு சத்தம். கண்ணாடி வழியாக எதிரே தெரிந்த கேட் கம்பி லேசாகப் பக்கத்தில் வந்தது. அக்கா அலறிக்கொண்டு பிரேக்கை மிதித்தார். கம்பி நின்றது.

கொஞ்சம் காலைத் தளர்த்திப் பார்த்தார். கம்பி மறுபடி அசைந்தது. மிதித்தார். நின்றது.

அந்தக் கணத்தில் அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெடல் என்ன, வீல் என்ன, எதுவும் தெரியாது. தன் கால் இருக்கும் வரை கார் நிற்கும், கால் போனால் அடியில் கிடக்கும் மனுசன் மேல் உட்காரும். அது மட்டும் தெரிந்தது.

"வெளிய வாங்க" என்று கத்தினார். அடியில் இருந்தவருக்குக் கேட்கவில்லை. இரண்டு தட்டு வந்தது. விடு. அக்கா விடவில்லை. மறுபடி இரண்டு தட்டு, இந்தத் தடவை கோபமாக. ஹாரனை அமுக்கினார். பேட்டரி கழற்றியிருந்தது. கேட் சாத்தியிருந்தது, தெருவில் ஆளில்லை. அடியிலிருந்து அண்ணன் சத்தம் போட்டார். "ஏட்டி, சீட்டு ஒன்னையக் கடிச்சா திங்குது? காலை எடுட்டி."

மேலே என்ன கோளாறு என்று பார்ப்பதற்காக அண்ணன் நிப்பிளை மறுபடி திறந்தார். அக்காவின் காலுக்குக் கீழே பெடல் இறங்க ஆரம்பித்தது. அமுக்க அமுக்கக் கீழே போகிறது. "கெணத்துக்குள்ள கயிறு போற மாதிரி போச்சு தம்பி, பிடிச்சிருக்கேன், ஆனா போவுது" என்று என்னிடம் சொல்லும்போது அக்கா சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். பெடல் அடிமட்டம் வரை போய் முட்டியது. முன்வீல் பிரேக் மட்டும், தனிக் குழாய் என்பதால், பிடித்துக்கொண்டு நின்றது.

இறங்கி ஓட முடியாது. கத்தினால் கேட்காது. அப்போதுதான் அவர் கை, சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கைத் தேடி எடுத்தது. அதைக் கதவுத் தூணில் அடிக்க ஆரம்பித்தார். ஒன்று இரண்டு இல்லை. நிறுத்தாமல், மூச்சு விடாமல், டக்டக்டக்டக்கென்று.

தறி ஓடும் இடத்தில் யாருடைய கூப்பாடும் யாருக்கும் கேட்காது. யாராவது கை மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் கையில் கிடைத்த இரும்பை எடுத்துத் தறிச் சட்டத்தில் இப்படித்தான் விடாமல் அடிப்பார். அந்த அதிர்வு பாதத்தில் ஏறும். ஏறியதும் எல்லாரும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்வார்கள். ஏன் என்று கேட்பதெல்லாம் அப்புறம்.

காரின் இரும்பு வழியாக அது அண்ணனின் விரலுக்குப் போனது. அவர் யோசிக்கவில்லை. ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருண்டு வெளியே வந்து முற்றத்து முருங்கை மரத்தில் மோதினார். எழுந்து நின்ற பிறகுதான் திட்ட வாயைத் திறந்தார். கண்ணாடிக்குள் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து அக்கா சொன்னார், தறிக்கு நடுவே பேசுவது போலவே: "வண்டி போவுது."

அண்ணன் குனிந்து பார்த்தார். இரும்புத் தட்டின் விளிம்பு, கார் உட்கார வேண்டிய இடத்தின் கடைசி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்டைத் திறந்துகொண்டு ஓடி பீர் முகமதுவைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக அம்மிக்கல்லையும் குழவியையும் தூக்கி வந்து முன்வீலுக்கு அடியில் கொடுத்தார்கள். கழற்றி வைத்த வீல்களைப் பின்பக்கம் அடியில் தள்ளினார்கள். பீர் முகமது கதவருகே வந்து, "தங்கச்சி, கல்லு வச்சாச்சு. காலை எடு" என்றார்.

அக்கா எடுக்கவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. அதோடு, "அவிய எங்க நிக்காக? எனக்குக் கண்ணுல தெரியணும்" என்றார். அண்ணன் வந்து ஜன்னல் பக்கம் நின்றார். அவரைப் பார்த்துக்கொண்டே அக்கா காலைத் தூக்கினார்.

கார் ஒரு விரல் அளவு முன்னால் போய்க் கல்லில் முட்டியது. அந்த அசைவு போதுமாக இருந்தது. பீம் நழுவியது. பின்பக்கம் மொத்தமும் தொம்மென்று வீல்கள் மேல் விழுந்தது. அண்ணனின் நெஞ்சு இருந்த இடத்தில் ஒரு ரப்பர் டயர் நசுங்கிக் கிடந்தது.

பீர் முகமதுதான் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகம் துடைத்தபடி, "ஏலே பாண்டி, பென்ஸு வச்சிருக்க, முட்டுக் கொடுக்க ரெண்டு கல்லு வைக்கத் தெரியலயேடா" என்றார். சிரிப்பு வரவில்லை, அவருக்கும்தான். அக்கா சீட்டில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

காரை இரும்புக் கடைக்கே கொடுத்துவிடப் போவதாக அண்ணன் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடைசியில் மனசு கேட்காமல் அண்ணன் ஸ்டாண்டு வாங்கி வந்தார். மிச்ச வீலுக்கு ஏர் எடுக்க ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வரச் சொல்லட்டுமா என்று அண்ணன் கேட்டபோதுதான் அக்கா வாயைத் திறந்தார்.

"வேற ஒரு ஆளு கால நான் எப்பிடி நம்புவேன்? நானே உக்காருதேன்."

நான் போனது அந்த நாளில். பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். என் கண்ணால் பார்த்தேன். உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வையோடு அக்கா ஏறி உட்கார்ந்தார். அதற்கு முன்னால் ஒவ்வொரு வீலாகப் போய்க் கல்லைக் காலால் எத்திப் பார்த்தார். ஸ்டாண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். என்னையும் காரிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னார்.

அடியிலிருந்து ஒரு தட்டு. அக்கா அமுக்கினார். ஆயில் குழாய் வழியாகப் பாட்டிலில் இறங்கும் சத்தம். பிறகு இரண்டு தட்டு.

அக்கா காலை எடுக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி இரண்டு தட்டு. அப்போதும் எடுக்கவில்லை. கடைசியில் காருக்கு அடியிலிருந்து ஆயில் அப்பிய கை ஒன்று வெளியே வந்து, இந்தா, வந்துட்டேன் என்பது போல அசைந்தது. பின்னாலேயே தலையும் வந்தது, தோளும் வந்தது. முழு ஆளும் வெயிலுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் மாரிக்கனி அக்கா பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.