எருமை வாலைப் பிடித்துக் கரையேறினோம்

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. அப்போது ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். என் கணவருக்குப் பறவைப் பைத்தியம். லீவு நாளென்றால் கொள்ளிடத்துக்குள் இறங்கிவிடுவார். அன்று என்னையும் நான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். "கொள்ளிடத்துல ஏது தண்ணி? எல்லாம் காவிரியோட சரி. சும்மா வா" என்றார்.

அவர் சொன்னபடிதான் இருந்தது. மணல், ஆளுயர நாணல், நடுவே பெரிய புல்திட்டு, அங்கங்கே குட்டைகளில் கொக்கும் நாரையும். திட்டில் ஓர் அம்மா எருமைகளை மேய்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று ஆள்காட்டிக் குருவிகள் கத்திக்கொண்டு எழும்பின. பார்த்தால், சருகும் நுரையுமாகப் புதுத் தண்ணீர் மணலில் ஊர்ந்து வருகிறது. முக்கொம்பு அணையில் திறந்துவிட்டார்கள் போல. ஓட வேண்டாமா? நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஆடியில் புதுத் தண்ணீரைக் கண்டால் கும்பிட்டே பழகிய ஊராயிற்றே! செருப்பைக் கழற்றிவிட்டு, அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, மகளையும் கும்பிடச் சொல்லி நின்றோம்.

திரும்பினால், கரைக்கும் திட்டுக்கும் நடுவே நாங்கள் நடந்து வந்த பள்ளம் ஆறாகியிருந்தது.

ஐயோ, அந்தப் பயத்தை எப்படிச் சொல்வேன்! எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் இறங்கினார். அவள் காலைப் பிடித்தபடி பின்னால் போனேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. அடியில் மணல் கரைந்து என் கால் தரையை விட்டது. நான் இழுத்த இழுப்பில் மகள் தோளிலிருந்து சரிந்தாள். "அம்மா!" என்று அலறினாள்.

எருமைகளை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கிய அந்த அம்மா கத்தினார். "புள்ள காலை விடும்மா! நீ இழுக்குற இழுப்புல எல்லாரும் போயிடுவீங்க. எருமை வாலைப் பிடி!"

விடுவதா? பெற்ற வயிறு கேட்குமா? ஆனாலும் விட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, சேறு வழுக்கிய ஒரு வாலைப் பற்றினேன். மகள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே இழுபட்டுப் போனேன். உயிர் என்னிடம் இல்லை.

கால் தரையில் தட்டியதும் கண்ணைத் திறந்தேன். இன்னொரு எருமையின் வாலைப் பிடித்தபடி அவரும் கரையேறிக்கொண்டிருந்தார். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு மகள்! வாரியணைத்து ஓவென்று அழுதேன்.

அந்த அம்மா ஈரப் புடவையைப் பிழிந்தபடி, "கரையேறிக் கும்பிட்டா ஆத்தா கோவிச்சுக்குவாளா?" என்று திட்டிவிட்டு, எருமைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் பேரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

மகள் இன்று வெளியூரில் இருக்கிறாள். அவளை ரயிலேற்றிக் கையை விடும்போதெல்லாம், அந்தச் சின்னக் கால் என் கையிலிருந்து நழுவிய நடுக்கம் வருகிறது; அன்று விட்டதால்தான் இவள் இன்று எனக்கு இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.