நேனு மாமா மார்ச்சில் விட்ட மௌனம்

"பரோக்னா என்ன மாமா?" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

சவரக்கடை நாற்காலியில் அப்பா முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்தார். நேனு மாமா கத்தியைத் துடைத்தார். "நம்ம சர்ச்சுக்குள்ள போய்ப் பாரு. உள்ளங்கை அளவு சுவராவது சும்மா இருக்கா? எங்க பாத்தாலும் தங்கம், தேவதை, சுருள். அந்தக் காலத்துப் பாட்டும் அப்படித்தான். ஒரு சுரத்தைத் தனியா விடமாட்டாங்க, நகை போட்டுருவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் வந்தவங்க அழுதாங்க. ஓவியத்துல கப்பல் உடையும், பாட்டுல காதலி செத்துப்போவா. அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாத்தையும் வழிச்சுப் போட்டாங்க. வெள்ளைத் துணி, நடுவுல ஒரு கோடு. பாட்டுல ரெண்டு சுரம், நடுவுல மௌனம்."

"என் தலை எந்தக் காலம்டா?" என்றார் அப்பா.

"ரொம்ப நவீனம் பவ்லு. கோடு மட்டும்தான் மிச்சம்."

மால்டாவின் மற்ற பல ஊர்களைப் போல எங்கள் ஊரிலும் இரண்டு பேண்டு சங்கங்கள், இரண்டுக்கும் ஆகாது. எங்கள் சங்கத்தில் நான் கிளாரினெட், நேனு மாமா டியூபா. ஊரின் காவல் புனிதர் திருவிழாவுக்கென அவர் ஒரு மார்ச், அதாவது பேண்டுக்கான அணிவகுப்பு இசை, எழுதினார். நடுவில் நீண்ட மௌனம். தம் ஊர் அதை ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை.

"திருவிழாவுல சத்தம் போடத்தானய்யா பேண்டு?" என்றார் சங்கத் தலைவர். ஆனாலும் சம்மதித்தார். கைதட்ட வேண்டாம், மௌனமும் இசைதான் என்று நான் இரண்டு மொழிகளில் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். மக்கள் அதில் நௌகட் மிட்டாய் மடித்துக்கொண்டார்கள்.

திருவிழா அன்று சதுக்கத்தில் வாசித்தோம்; மௌனம் வந்தது. அதே நேரம் பக்கத்துத் தெருவிலிருந்து எதிர்ச்சங்கத்தின் மார்ச் முழு வேகத்தில் வந்து அதை நிரப்பியது. நாங்கள் தோற்று வாயடைத்துவிட்டதாக நினைத்து அவர்கள் ஆட்கள் கூத்தாடினார்கள். எங்கள் டிராம்போன்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. முறை வருவதற்குள் மார்ச்சின் ஆளுக்கொரு இடத்திலிருந்து ஊதத் தொடங்கினார்கள். இரண்டு மார்ச்சுகளும் சதுக்கத்தில் முட்டிக்கொண்டன.

தலைவர் சிவந்த முகத்தோடு வந்தார். "அந்த ஓட்டையை அடைச்சாத்தான் அடுத்த வருஷம் வாசிப்போம். இல்லேன்னா இதோட சரி."

நேனு மாமா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைவர் நகர்ந்ததும் என்னை ஓரமாக அழைத்தார்.

"உன் அத்தை பையன் அவங்க பேண்டுலதானே டிரம் அடிக்கிறான்? அடுத்த வருஷமும் சரியா அந்த நேரத்துக்கு அவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லேன். ஓட்டையும் அடைஞ்சிரும், நானும் ஒரு சுரம்கூடச் சேக்க வேண்டாம்."